தும்பியைத் திருப்பிப் பார்த்தவர்

தும்பியைப் பிடித்தவுடன் தீதி அதன் அழகைப் பார்க்கமாட்டார். நான்கு இறக்கைகளையும் முதுகுப்பக்கம் சேர்த்து இரண்டு விரல்களுக்கு நடுவில் மடித்துக்கொள்வார். அப்படியே மல்லாக்கத் திருப்பி, மெல்ல ஓர் ஊது ஊதுவார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோவார். "ஏக், தோ, தீன்..." உதடு மட்டும் அசையும். அப்போது யார் கூப்பிட்டாலும் பதில் வராது. எண்ணி முடித்து, போட்டிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையின் பையிலிருந்து டைரியை எடுத்துப் பென்சிலால் எழுதிய பிறகுதான் நிமிர்ந்து "க்யா?" என்பார்.

அவர் எண்ணியது நீர் உண்ணிகளை. கடுகில் பாதிகூட இருக்காது. தும்பியின் மார்புக்கு அடியில், கால்கள் முளைக்கிற இடத்தில், சிவப்பாகக் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது அது அந்தத் தும்பியின் நிறம் என்றே நினைத்தேன். அவை உயிருள்ளவை, தும்பியின் உடம்பில் குழாய் இறக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது.

அப்போது நாங்கள் அந்தமானில், லாங் ஐலண்ட் தீவில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே பவர் ஹவுஸில் வேலை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குவார்ட்டர்ஸ், நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தீதி. மெயின்லேண்டிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர்களுக்காக ஓடைப் பூச்சிகளைப் பிடித்து எண்ணிக்கை எழுதிவைப்பது அவர் வேலை. அவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து டைரிகளை வாங்கிக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் இவர் கம்பூட் போட்டுக்கொண்டு, வலையும் கையுமாகத் தனியாக நாலாவுக்குப் போய்வருவார். ஓடையை அங்கே யாரும் ஓடை என்று சொல்வதில்லை, நாலாதான்.

கடைக்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. அவர் பெயர் எனக்குத் தெரியும். ஒரு தடவை காகிதத்தில் எழுதியும் இருக்கிறேன். இங்கே எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஐம்பதைத் தாண்டியவர். கைதிகளை இங்கே கொண்டுவந்த காலத்திலேயே வேரூன்றிய குடும்பம். வீட்டில் பேசியது இந்தி. தமிழ், போர்ட் பிளேரில் அக்கம்பக்கத்தாரிடம் கற்றுக்கொண்டது. "எங்க பர்தாதா, தாத்தாவோட அப்பா, சேலம் பக்கமாம். கொலை கேஸ்ல வந்தாராம். யாரைக் கொன்னாருன்னு எழுதி வைக்கல. எழுதாததை நான் எப்படிச் சொல்றது?" என்று சிரிப்பார்.

எதையும் திருப்பிப் பார்ப்பதுதான் அவர் பழக்கம். படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் மீன் வாங்கினால் அடிவயிற்றைத் திருப்பிப் பார்ப்பார். பப்பாளியைக் காம்புப்பக்கம் பார்க்காமல் அடியில் பார்ப்பார். ஒருநாள் நான் கொடுத்த தோசையைத் தட்டிலேயே திருப்பினார். அடிப்பக்கம் கருகியிருந்தது. "மேல மட்டும் நல்லா காட்டற பேட்டி," என்றார். பேட்டி என்றால் இந்தியில் மகள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அந்தத் தோசையை முழுவதும் சாப்பிட்டார்.

தான் பார்க்காததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பி.எட். படித்துவிட்டு, மூன்று வயதுப் பெண்குழந்தையோடு, போட்டில் ஏறினால்தான் பெரிய ஆஸ்பத்திரி என்கிற தீவில் வந்து உட்கார்ந்திருந்தேன். நாளுக்குப் பத்துப் பேரிடம் "பாப்பா இளைச்சிட்டாளா?" என்று கேட்பேன். எல்லோரும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள். தீதியிடம் கேட்டால், "நேத்து எத்தனை கிலோ? இன்னிக்கு எத்தனை? எடை போடல இல்ல? அப்ப எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துப் பாதத்தைப் பார்ப்பார். அவள் கெக்கெக்கென்று சிரிப்பாள். அந்தக் கைகள் அவளைப் பிடித்த விதமும் தும்பியைப் பிடித்த விதமும் எனக்கு ஒன்றாகவே பட்டன.

ஒரு தடவை நாலாவில் முதலை வந்துவிட்டது என்று தீவு முழுக்கப் பேச்சு. பிள்ளைகளை யாரும் வெளியே விடவில்லை. தீதி கடைக்காரரிடம் போய் நின்றார்.

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன் தீதி? மீன்காரர் சொன்னாரு."

மீன்காரரிடம் போனார். ஜெட்டியில் பேசிக்கொண்டார்கள் என்றார் அவர். ஜெட்டியில் விசாரித்தால் பவர் ஹவுஸ்காரர் வீட்டம்மா சொன்னதாகச் சொன்னார்கள். கடைசியில் தீதி என் வாசலில் வந்து நின்றார்.

"நீ பாத்தியா பேட்டி?"

நான் பார்க்கவில்லை. நாலாவில் முதலை வருமா என்று கடைக்காரரிடம் ஒருநாள் பயந்துபோய்க் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். என் கேள்வி நாலு வாய் மாறிச் செய்தியாகிவிட்டது. தீதி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார். பிறகு வலையை எடுத்துக்கொண்டு நேராக நாலாவுக்குப் போனார். மதியம்தான் திரும்பினார்.

"ஒரு மரக்கட்டை கெடக்குது. மேல ஒரு பெரிய உடும்பு. முதலை இல்ல. இன்னிக்கு இல்ல."

"அப்ப நாளைக்கு, தீதி?"

"நாளைக்கு உள்ளதை நாளைக்குத்தான் பாக்கணும்."

இதைக் கேட்டு எந்தத் தாய்க்காவது நிம்மதி வருமா?

பாப்பாவுக்கு அவர் வராந்தாதான் சொர்க்கம். அங்கே வெள்ளைத் தட்டுகளில் ஓடைத் தண்ணீர், அதில் தும்பிகளின் நீர்ப்பருவக் குஞ்சுகள். ஒருநாள் நான் போனபோது ஒரு குஞ்சு தண்ணீரிலிருந்து குச்சியில் ஏறி, முதுகு பிளந்து, தும்பியாக வெளியே வந்துகொண்டிருந்தது. பாப்பா வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள். "இப்ப பாரு," என்று தீதி லென்ஸை என்னிடம் கொடுத்தார். பழைய தோலின் மேலிருந்த சிவப்புப் பொட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, இன்னும் ஈரம் காயாத புது உடம்பின் மேல் ஏறிக்கொண்டிருந்தன.

"தண்ணில இருக்கும்போதே ஏறி உக்காந்துடும். கடிக்காது, சும்மா காத்திருக்கும். இது தோல் உரிக்கற நேரம் பாத்து மாறிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துல மாறலன்னா அதுக்குச் சாவு. மாறிட்டா, தும்பி போற எடமெல்லாம் இதுவும் போகும். திரும்ப முட்டை வைக்கத் தண்ணிக்கு வரும்போது இறங்கிடும்."

"எடுத்து விட்டுடலாமே தீதி. பாவம்."

"யாரு பாவம்? ரெண்டுமே பச்சாதான், குழந்தைங்க."

அவர் எடுத்துவிடவில்லை. எண்ணினார், எழுதினார். அதற்குள் பாப்பா இன்னொரு தும்பியை அவரைப் போலவே இறக்கை மடித்துப் பிடித்து, மல்லாக்கத் திருப்பி, மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு "ஏக், தோ" என்றாள். நான் அவளை அப்படியே வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

"லால் கீடா, அந்தச் சிவப்புப் பூச்சி, மனுஷனைக் கடிக்காது," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

நான் நம்பவில்லை. அன்றிலிருந்து பாப்பாவை அந்த வராந்தாவுக்கு விடவில்லை. காலையில் துணி காயப்போடும்போது வீட்டுக்குப் பின்னால் புல்லில் ஒரு பாயை விரித்து, பொம்மைகளோடு உட்காரவைத்தேன். என் கண்முன்னால் இருந்தாள். பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது.

முதல் இரண்டு நாள் மருந்து கொடுத்தேன், இறங்கி ஏறியது. தீவிலிருந்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். மலேரியா இல்லை. நாலாம் நாள் அவர் பாப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொண்டே, "எங்கயாவது கறுப்பா, பொருக்குத் தட்டின மாதிரி புண் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். நான்தான் தினமும் குளிப்பாட்டறேன், எனக்குத் தெரியாம எதுவும் இருக்காது."

காதை மடக்கினார். "இது என்ன?"

"கண் மை டாக்டர்."

அவர் சிரித்துக்கொண்டு காதை விட்டுவிட்டார்.

அந்த மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து அத்தை விளக்கெண்ணெய் விளக்கில் கூட்டிய மையைச் சின்ன டப்பியில் அனுப்பியிருந்தார். சாயங்காலம் போனில் முதல் கேள்வி, "ஏத்தா, பிள்ளைக்கு மை வச்சியா?" என்பதுதான். கன்னத்தில் பெரிதாக வைத்தால், படித்தவள் இதையெல்லாம் நம்புகிறாளே என்று தீவில் கேலி செய்வார்களோ என்று எனக்குக் கூச்சம். வைக்காமல் வைத்தேன் என்று சொல்லவும் மனம் வராது. அதனால் காதுக்குப் பின்னால் வைத்தேன். யாருக்கும் தெரியாது, அத்தைக்கும் பொய் சொன்னதாகாது. விரலுக்குப் பழகிய இடம், பார்க்காமலே வைப்பேன். காய்ச்சல் வந்த பிறகு தலைக்குத் தண்ணீர் விடவில்லை. மையை மட்டும் விடாமல் தினமும் வைத்தேன். முந்தின நாள் மைக்கு மேலேயே.

அன்று சாயங்காலம் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் கூடினார்கள். "வீட்டுக்குள்ள ரத்தம் உறிஞ்சற பூச்சியை வளர்த்தா காய்ச்சல் வராம என்ன வரும்?" என்றார் கடைக்காரர். "பாப்பா அந்தப் பூச்சியைக் கையில வச்சிக்கிட்டு நின்னாளே, நீயே சொன்னியே," என்றார் என் கணவர். ஆமாம், நான்தான் சொன்னேன். ஒரு மனு எழுதலாம் என்றார்கள். இங்கிலீஷில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பாப்பாவை மடியில் கிடத்திக்கொண்டே எழுதினேன். குடியிருப்புப் பகுதியில் எட்டுக்கால் ஒட்டுண்ணிகளை வைத்திருப்பதால் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து என்று எழுதினேன். அவர் பெயரை எழுதினேன். நாலு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை போட்டில் அது ஆபீசுக்குப் போனது.

ஆறாம் நாள் பாப்பா கண் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ரங்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். என் கணவர் டிக்கெட்டுக்கு நின்றார். நான் ஜெட்டியில் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தீதி என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"யே க்யா ஹை?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். "மை," என்றேன்.

"மைன்னா வழிச்சா வரும்."

தண்ணீர் பாட்டிலை எடுத்து, வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துப்பட்டாவின் முனையை நனைத்து, பாப்பாவின் காதுக்குப் பின்னால் ஒற்றித் துடைத்தார். துணியில் கறுப்பு வந்தது. இன்னொரு பக்கத்தை நனைத்துத் துடைத்தார். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை துணி சுத்தமாக இருந்தது. தோலில் கறுப்பு அப்படியே இருந்தது. பட்டாணி அளவு, சுற்றிலும் சிவந்த ஓரம். கழுத்திலிருந்த லென்ஸை அவர் எடுத்தார்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். பாப்பாவை இழுத்து மார்போடு அழுத்திக்கொண்டேன். ஜெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

தீதி ஓர் அடி பின்னால் போனார். கை நீட்டவில்லை. "சரி, தொடல. டாக்டர் கிட்ட வேற எதுவும் பேசாத. இதை முதல்ல காட்டு. மை வைக்காத, துணி போடாத. இதை மட்டும் காட்டு. சமஜ்தி ஹோ, புரியுதா?"

போட் வந்தது. எரட்டா ஜெட்டியில் இறங்கி ரங்கத் போகிறவரை அந்த இடத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கடலையும் சாலையையும் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் அதை முதலில் காட்டினேன். அங்கிருந்த டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். அடுத்த நிமிஷம் நர்ஸ் ஓடினாள். உண்ணிக் காய்ச்சல். என் கணவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "குழந்தை புல்லுல விளையாடுவாளா?"

"வீட்டுக்குப் பின்னால... துணி காயப்போடற இடத்துல."

"அங்கதான் ஏறியிருக்கும். புல்லுலயும் புதர்லயும் இருக்கற சின்ன உண்ணி. கண்ணுக்கே தெரியாது."

"தும்பி மேல சிவப்பா இருக்குமே, அதுவா டாக்டர்?"

"அது வேறம்மா. அது மனுஷங்க கிட்ட வராது." பாப்பாவின் காதை மறுபடி மடக்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும். நல்லா பாத்திருக்கீங்க. யார் கவனிச்சது?"

"நான்தான்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆறு நாளாக அதன் மேலேயே மை வைத்தவள் நான் என்பதை மறைக்கவா? ஒரு தாய்க்குத் தெரியாமல் போனதை வேறு ஒருத்தி பார்த்தாள் என்று சொல்லக் கூச்சமா? அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

மூன்றாம் நாள் பாப்பா இட்லி கேட்டாள். ஒரு வாரத்தில் திரும்பினோம். போட்டில் என் கணவர், "டாக்டர் என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார். "உண்ணிக் காய்ச்சல்," என்றேன். "சொன்னேன்ல? அந்தம்மா பூச்சிதான்," என்றார். நான் கடலைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும், பாப்பா தேறட்டும் என்று நினைத்தேன். அந்த மனுவைத் திரும்பப் பெற ஓர் இரண்டு வரிக் கடிதம் போதும். இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கிழித்தேன். எழுதினால், ஏன் என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டிவரும்.

அதற்குள் உத்தரவு வந்துவிட்டது. தீதி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். லாங் ஐலண்டில் அவருக்கு வேறு இடம் இல்லாததால் அங்கே எண்ணுகிற வேலையும் அதோடு நின்றது.

போகிற அன்று காலை எங்கள் வாசலுக்கு வந்தார். தட்டுகளையெல்லாம் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தார். பாப்பா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் தலையசைக்கிறேனா என்று. எனக்குத் தலை அசையவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள்.

பிறகு என்னிடம், "உன் அப்ளிகேஷனை எனக்கும் ஒரு காப்பி குடுத்தாங்க," என்றார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஒரு தப்பு பண்ணிட்ட பேட்டி. எட்டுக் கால்னு போட்டிருக்க. தும்பியில ஒட்டறது பச்சா. பச்சாவுக்கு ஆறு கால்தான். லென்ஸ் உன் கையிலயே குடுத்தேனே, எண்ணியிருக்கலாம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. நாங்கள் இப்போது போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கிறோம். பாப்பா மூன்றாம் வகுப்பு. போன மாதம் பழைய குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் மூலம் தீதியின் நம்பர் கிடைத்தது. மாயாபந்தர் பக்கம் தம்பி வீட்டில் இருக்கிறாராம். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்து, வீட்டில் யாரும் இல்லாத மத்தியானத்தில் அழைத்தேன். அவர் குரலைக் கேட்டதும் வேறு எதையெல்லாமோ பேசினேன். பாப்பாவின் படிப்பு, உயரம், அவள் கேட்கும் கேள்விகள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் பேட்டி. எந்தக் காது?" என்றார்.

"எது தீதி?"

"அந்தப் பொருக்கு. தேதி எழுதியிருக்கேன், அளவு எழுதியிருக்கேன். எந்தக் காதுன்னு எழுதறதுக்குள்ள நீ இழுத்துட்ட."

"இடது," என்றேன் உடனே.

பென்சில் உரசும் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

பாப்பா பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னலோரம் நிற்கவைத்து இரண்டு காதையும் மடக்கிப் பார்த்தேன். "என்னம்மா?" என்று நெளிந்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுவழுவென்று இருந்தது. ஜெட்டியை நினைத்துப் பார்த்தேன். அவளை எந்தத் தோளில் போட்டிருந்தேன்? மை வைத்த என் விரல் எந்தப் பக்கம் போகும்? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த ஒரு கறுப்பு என் மகளின் உயிர். அது எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டவுடன் சொல்லிவிட்டேன்.

மறுபடி அழைத்தேன்.

"தீதி, இடதுன்னு சொன்னேனே, அது எனக்கு ஞாபகம் இல்லாமச் சொன்னது. உண்மையா எனக்குத் தெரியல."

"அச்சா." பக்கம் புரளும் சத்தம். "இடதை வெட்டிட்டேன். 'மாலும் நஹீ', தெரியாதுன்னு போட்டுட்டேன்." பென்சில் சத்தம் நின்றது. "வேற?"

"ரங்கத்துல டாக்டர் கேட்டாங்க தீதி, யார் பாத்ததுன்னு. நான்தான்னு சொன்னேன். உங்க பூச்சி இல்லன்னும் அன்னிக்கே சொல்லிட்டாங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் எங்கோ கோழி கூவியது. டைரியை மூடினாரா, திறந்தேதான் வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அதை நான் எங்கயுமே எழுதலையே பேட்டி," என்றார். "எதை வெட்டறது?"